ஆமையும் ஆமாவும்

பட்டப்பெயர் வைப்பதில் மாமாவை அடிக்க ஆளில்லை. 'மாமா' என்பதே பட்டப்பெயர்தான். அது ஒன்றுதான் ஆபீசில் மற்றவர்கள் அவருக்கு வைத்தது. ஓயாமல் போன் செய்யும் மச்சினனுக்கு 'அலாரம்'. எதற்கும் கையெழுத்துப் போடாத கணக்கதிகாரிக்குப் 'பூட்டு'. "உங்க நாக்குல சனி குடியிருக்கு" என்பாள் மனைவி. மனுஷன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

காது மெஷின் செய்யும் கம்பெனியில் ஒரு குழுவுக்கு அவர் தலைவர். இங்கே ஐந்து பேர் மேசையைச் சுற்றி. கடல் தாண்டி ஒரு பெண் மட்டும் சுவர்த் திரையில். கேள்வி கேட்டால் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள், சும்மா பார்ப்பாள். அதற்குள் இங்கே ஆளுக்கொரு பதில் சொல்லிச் சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள். அவள் வாயைத் திறந்ததும் மாமா தமிழில், "ஆமை வந்துடுச்சுப்பா" என்பார். மேசையே சிரிக்கும். போகப்போக அவள் எதைச் சொன்னாலும் எல்லாரும் "ஆமை, ஆமை" என்றார்கள். அவளும் சிரித்துத் தலையாட்டுவாள்.

அவள் சொன்னது இதுதான்: மெஷின் எல்லாச் சத்தத்தையும் பாய்ந்து பெரிதாக்க வேண்டாம், இமைக்கும் நேரத்தில் பாதி பொறுத்து, வருவது பேச்சா, பாத்திரம் உருளும் சத்தமா என்று பார்க்கட்டும். "மெஷினையும் ஆமையாக்கப் பாக்குது" என்றார் மாமா. வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் இங்கத்திய அவசர யோசனைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. குழுவையே கலைத்துவிடலாம் என்று இயக்குநர் பேச ஆரம்பித்த நேரத்தில், அவள் தனியாளாகச் செய்து முடித்த மெஷின் பார்சலில் வந்தது. கேன்டீனில் பாத்திரங்கள் உருள, இயக்குநரின் தாயார் அதை மாட்டிக்கொண்டு மகனோடு அரட்டை அடித்தார். குழு பிழைத்தது.

பாராட்டுக் கூட்டத்துக்கு அவள் விமானம் ஏறி வந்தாள். தமிழ் தெரியாத இயக்குநர் ஆங்கிலத்தில் கேட்டார். "எப்படிம்மா விடாம செஞ்ச?"

அவள் வழக்கம்போலப் பொறுத்தாள். "எங்க ஊர்ல ஒருத்தர் பேசி முடிச்சதும் சட்டுனு பதில் சொன்னா, அவர் பேச்சைக் கேக்கலைன்னு அர்த்தம். மெஷினுக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்தேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "வேண்டாம்னு எழுதினாலும், நான் பேசினப்பல்லாம் இவங்க 'ஆமை, ஆமை'ன்னு சொன்னாங்க. தமிழ்ல 'யெஸ்'தானே? ஒரு தமிழ்ப் பாடத்துல கேட்டேன். அந்தத் தைரியத்துலதான் செஞ்சேன். மெஷினுக்கும் அந்தப் பேரையே வச்சிருக்கேன்."

பெட்டியை நீட்டினாள். மேலே, காதில் விழுந்தபடியே, ஆங்கிலக் கொட்டை எழுத்தில் 'ஆமை'.

"நல்ல பேரு! அதான் அர்த்தமா?" என்று இயக்குநர் மாமாவைப் பார்த்தார்.

மற்ற நால்வரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையாட்டல் போதும், மானம் தப்பிவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலோ கேலி செய்த தன் வாயாலேயே பிழைத்திருந்தது. அதுதான் மாமாவைச் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அது 'ஆமா' இல்லம்மா," என்றார். "ஆமை. முதுகுல ஓடு இருக்குமே, மெதுவா ஊருமே, அது. உன்னைத்தான் அப்படிச் சொன்னோம். பேர் வச்சது நான்."

அவள் பொறுத்தாள். இந்த முறை அந்த இடைவெளியில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"அப்போ," என்றாள் கடைசியில், "ஒரு தடவைகூட யாரும் ஆமான்னு சொல்லலையா?"