அடையாற்றங்கரையில் ஒரு டீசல் எஞ்சின் வாங்கியது

தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட விரைவு வண்டி, வெள்ளிக்கிழமை காலை எழும்பூர் நிலையத்தை அடைந்தது. சென்னைக்குச் சென்று வந்து எழுதுவோர் பெரும்பாலும் கடற்கரையையும் ஆலயங்களையும் வருணிப்பர். நான் சென்றதோ ஒரு பழைய டீசல் ரயில் எஞ்சின் வாங்குவதற்காக. ஆகவே நான் கண்ட சென்னை மயிலாப்பூரில் ஒரு வீடும், அடையாற்றங்கரையில் ஒரு கொட்டகையும், தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியும், இவற்றுக்கு இடைப்பட்ட சாலைகளுமே ஆகும். எழுபதுகளின் தொடக்கத்தில் நிகழ்ந்த இப்பயணத்தை, என்னைப் போல் பழைய இயந்திரம் வாங்க எண்ணுவோர்க்குப் பயன்படுமென்று எழுதுகிறேன்.

நாங்கள் மூவர் கூட்டாக ஓர் உப்பளம் நடத்தி வந்தோம். பாத்திகளிலிருந்து சரக்கு ரயில் நிற்கும் இடம் வரை இரண்டு மைல் தூரத்திற்கு இரண்டடி அகலத் தண்டவாளம் உண்டு. அதில் உப்பு வண்டிகளை இழுத்து வந்த சிறிய எஞ்சின் அவ்வாண்டுக் கோடையில் அடிப்பாகம் வெடித்துப் பயனற்றுப் போயிற்று. ஐப்பசி மழைக்கு முன் அம்பாரமாகக் கிடந்த உப்பை அப்புறப்படுத்தியாக வேண்டும். இல்லையேல் ஓராண்டு உழைப்பு கரைந்து கடலுக்கே திரும்பிவிடும். புதிய எஞ்சின் எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. கூட்டாளிகள் இருவரும் முன்பணத்தை என்னிடம் கொடுத்து, "அண்ணாச்சி, நீங்க பாத்துச் சரின்னா எங்களுக்கும் சரிதான்" என்று சொல்லிவிட்டனர். வழி நெடுகிலும் உறக்கம் கொள்ளாமல் செய்தது அந்தச் சொல்லே.

எழும்பூரில் முகம் கழுவி, முப்பது காசுக்கு ஒரு காப்பி அருந்தி, பேருந்தில் மயிலாப்பூர் சேர்ந்தேன். எஞ்சினுக்கு உரியவர் வைத்தியநாத ஐயர் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர். கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் அவர் இல்லம். நெற்றி நிறைய நீறும், கையில் நாளிதழுமாக வாசலிலேயே நின்றார்.

"வாங்கோ. பிரயாணம் சௌக்கியமா? ஆத்துல ஒரு வாய் காபி சாப்ட்டுட்டுப் போலாம்" என்றார்.

அந்த எஞ்சின் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் செய்யப்பட்டது, ஆறு டன் எடை, இரண்டு சிலிண்டர். கரை கட்டும் வேலைகளுக்குக் கல் இழுத்தது. வேலை முடிந்தபின் கொட்டகையில் நின்றது. இவற்றை ஐயர் ஒளிவின்றிச் சொன்னார். விலை பதினெட்டாயிரம், முன்பணம் போக மீதி உப்பு விற்றபின் என்று கடிதத்தில் பேசி வைத்திருந்தோம்.

டாக்சியில் சாந்தோம் வழியாகச் சென்றோம். மீனவர் குப்பங்களில் வலைகள் உலர்ந்துகொண்டிருந்தன. பாலத்தைக் கடந்து இடப்புறம் திரும்பியதும், தாழை மண்டிய மண்பாதையின் முடிவில் தகரக் கொட்டகை தென்பட்டது. எஞ்சின் ஓடும் ஓசை அதற்கு முன்பே காதில் விழுந்துவிட்டது.

"வா நைனா, உன்கோசம்தான் பாடிக்கினு கீது" என்று ஒருவர் கந்தலில் கை துடைத்தவாறு எதிர்கொண்டார். அவர் ஐயரின் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் டில்லிபாபு.

நான் எஞ்சினைச் சுற்றி வந்தேன். புகை மெல்லியதாகவும் நிறமற்றும் இருந்தது. சக்கரங்களின் விளிம்பு தேயவில்லை. எஞ்சியிருந்த சிறிது தண்டவாளத்தில் டில்லிபாபு அதை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். கல் ஏற்றிய இரு வண்டிகளையும் திணறாமல் இழுத்தது. என் மனச்சுமை பாதி இறங்கிற்று. முன்பணத்தை எடுக்கப் பையில் கை வைத்தேன்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை மறித்தார். "பத்தரை ஆயிடுத்து. வெள்ளிக்கிழமை ராகு காலம். பன்னண்டுக்கு மேலதான் நான் கைநீட்டுவேன், தப்பா நெனச்சுக்காதீங்கோ." பிறகு டில்லிபாபுவிடம், "எஞ்சினை நிறுத்துடா" என்றார்.

"ஓடட்டும் சார். பாவம், இன்னா பெரிசா குடிச்சிடப் போவுது?"

"டீசல் என்ன ஆத்துத் தண்ணியா? நிறுத்துன்னேன்."

எஞ்சின் நின்றது. நாங்கள் இருவரும் கடைத்தெருவுக்குச் சென்று இட்டிலி உண்டு, ஐயரின் மூன்று மகள்களின் திருமணங்களைப் பற்றிப் பேசித் திரும்பியபோது பன்னிரண்டு கடந்திருந்தது. ராகு காலம் நீங்கியது, எஞ்சினும் ஆறிவிட்டது. பணம் கொடுக்குமுன் என் கையாலேயே ஒருமுறை கிளப்பிப் பார்க்க விரும்பினேன்.

இவ்வகை எஞ்சினைக் கைப்பிடி செருகிச் சுற்ற வேண்டும். வேகம் பிடித்ததும், அதுவரை வால்வைத் திறந்து வைத்திருந்த லிவரை ஒருவர் இறக்குவார்; எஞ்சின் கிளம்பும். நான் சுற்றினேன்; டில்லிபாபு லிவரை இறக்கினார். ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. மறுபடியும் சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"கொஞ்சம் மப்புல கீது, நைனா. இன்னும் ரெண்டு சுத்து."

எத்தனை சுற்றியும் அது அசையவில்லை. ஐயரின் முகம் மாறிற்று. "பாபு, காலம்பற யார்டா ஸ்டார்ட் பண்ணினா?"

"காலைல ஸ்டார்ட் பண்ணல, சார்."

"பின்னே?"

"நேத்து சாயங்காலம் மணல் லாரில கயிறு கட்டி இஸ்து ஸ்டார்ட் பண்ணேன். அத்தோட நிறுத்தவே இல்ல."

"ராத்திரி பூரா ஓடித்தா? என் டீசல்லயா?"

"உன் டீசல்தான், சார். எஞ்சினும் உன்துதானே."

நான் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஐயர் மட்டும் நல்ல நேரம் பார்க்காதவராய் இருந்திருந்தால், சூடான எஞ்சினுக்குப் பணத்தைக் கொடுத்து, குளிர்ந்த எஞ்சினை ஊருக்குக் கொண்டு சென்றிருப்பேன். உப்பளத்தில் அதைக் கட்டி இழுக்க லாரி ஏது? "சாமி, நான் புறப்படுதேன்" என்றேன்.

ஐயர் தடுக்கவில்லை. "போங்கோ. உங்க மேல தப்பில்லை. எனக்குத் தெரியாதுதான். ஆனா தெரியாதுன்னு சொல்லிக்கறது முதலாளிக்கு அழகில்லை" என்று சொல்லி அங்கிருந்த கட்டையில் அமர்ந்துவிட்டார்.

டில்லிபாபு என் பின்னாலேயே வந்தார். "நைனா, நீ வாங்கலன்னா இத்த எடைக்குப் போட்டுடுவாரு. துண்டு துண்டா வெட்டிடுவானுங்க. வால்வு தேஞ்சு கீது, வேற ஒண்ணுமில்ல. கயட்டி, தேச்சு உக்கார வெச்சா மார்கழிக் குளுர்லகூட ஏந்துக்கும். செலவுன்னு சொன்னா சார் கத்துவாரு. அதான் சொல்லல."

"கத்தாம என்னடா பண்ணுவேன்?" என்றார் ஐயர். ஆயினும் எழுந்து வந்தார். வால்வு வேலை தம் செலவு, மறுநாள் காலை முற்றிலும் குளிர்ந்த எஞ்சினை நானே கிளப்ப வேண்டும், கிளம்பாவிடில் என் ரயில் கட்டணமும் தம்முடையது என்றார். இறுதியாக, வேலை முடிந்ததும் கைப்பிடியை என்னிடமே கொடுத்துவிடும்படி சொன்னார். "ராத்திரி யாரும் கிளப்ப முடியாதபடி அது உங்க கிட்ட இருக்கட்டும். அந்த மணல் லாரிக்காரனையும் நான் பார்த்துக்கறேன்."

மாலை வரை நின்று, வால்வுகளை உராய்வுப் பசை தடவித் தேய்ப்பதைக் கண்ணால் கண்டேன். பின் அந்த இரும்புக் கைப்பிடியைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். நடத்துநர் சீட்டைக் கிழித்தவாறு, "இன்னா பெரீவரே, பஸ்ஸு நின்னுபோனா நீங்களே சுத்தி வுட்டுடுவீங்களா?" என்றார். வண்டி முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அக்காள் மகன் தங்கராசு, இரவு தங்க வந்த என்னை மாடிப்படியிலேயே மறித்தான். "என்ன மாமா, எஞ்சின் வாங்கப் போனிய, கைப்பிடிய மட்டும் வாங்கிட்டு வாரிய?"

"மீதி நாளைக்கு" என்றேன், நாளையை நம்பாமலே.

சனிக்கிழமை விடிந்ததும் கொட்டகையை அடைந்தேன். ஐயர் நீராடிய ஈரக் குடுமியோடு எனக்கு முன்பே வந்திருந்தார். சிலிண்டர் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கிணற்றுக் கல் போல் குளிர்ந்திருந்தது. கைப்பிடியைச் செருகினேன். சுற்றினேன், டில்லிபாபு லிவரை இறக்கினார். எஞ்சின் ஒருமுறை இருமிற்று, கரும்புகை கக்கிற்று, பிறகு நிதானமாக ஓடத் தொடங்கிற்று. நிறுத்தச் சொல்லி, மறுபடியும் கிளப்பினேன். அப்போதும் ஓடிற்று.

எஞ்சினின் படியில் அமர்ந்து முகத்தைத் துடைத்தேன். ஐயர் ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்குமென்று நினைவூட்ட, அதற்குள் முன்பணம் கைமாறிற்று. "பாபு, இப்போ ஓடட்டும்டா" என்றார் அவர். நண்பகலுக்குள் எஞ்சினைச் சங்கிலியால் எங்கள் ஊருக்குச் செல்லும் லாரியில் ஏற்றினர்.

மாலை எழும்பூரில் வண்டி ஏறினேன். தாம்பரத்தைத் தாண்டியதும் பெருமழை பிடித்துக்கொண்டது. சென்னையில் புரட்டாசி மழையை மக்கள் குடையின்றியும் நின்று வரவேற்கின்றனர், கிணறுகள் நிறையுமாம். எங்கள் ஊரில் அம்மாதத்து மேகம் ஒவ்வொன்றும் பாத்தியைக் கெடுக்க வரும் பகைவன். எதிரில் இருந்தவர், "ஐயா, நனையறீங்களே, ஷட்டரை இறக்குங்க" என்றார். பாதி வரை இறக்கி, எஞ்சிய இடைவெளி வழியே செங்கற்பட்டு வரும்வரை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக இருக்குமென்று எனக்கு அதுவரை தெரியாது.