கொட்டிலுக்குப் போன கண்ணாடி

ஆய்வு நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊசியம்மா என்றுதான். பன்றியின் கழுத்தில் ரத்தக்குழாய் வெளியே தெரியாது. கொழுப்புக்கும் தசைக்கும் அடியில் எங்கோ ஓடும். மற்றவர்கள் இரண்டு மூன்று முறை குத்தித் தேடுவார்கள். இவர் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார், குத்துவார், ரத்தம் ஏறும். கத்தலாமா வேண்டாமா என்று பன்றி யோசித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

நிலையத்தில் இரண்டு கட்டிடங்கள். ஒன்றில் வைரஸ் கொடுக்கப்பட்ட பன்றிகள். மற்றொன்றில் எதுவும் கொடுக்கப்படாத, சுத்தமான பன்றிகள். இரண்டையும் ஒப்பிட்டு, உடம்பு அந்த வைரஸை எப்படி எதிர்க்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மனிதர்களை அந்த வைரஸ் ஒன்றும் செய்யாது. பன்றிகளைத்தான் செய்யும்: குட்டிகளுக்கு இருமல், மூச்சிரைப்பு, சினையாக இருப்பவற்றுக்கு வயிற்றிலேயே குட்டிகள் சாகும். அதனால் நோய்க் கட்டிடத்துக்குள் போய் வந்தவர்கள் ஒரு வாரத்துக்கு வேறு எந்தப் பன்றியின் பக்கமும் போகக் கூடாது. வெளியே வரும்போது உடை எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுவிட்டுத் தலையோடு குளிக்க வேண்டும். உடம்போடு வெளியே வரக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான், மூக்குக் கண்ணாடி. அதைக் குளியலறை வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீர்த் தட்டில் முக்கி வைத்துவிட்டு, குளித்த பிறகு மறுபக்கமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊசியம்மா இந்த விதியில் கறார். அக்கா வீட்டில் முப்பது நாற்பது பன்றிகள் இருக்கின்றன என்பதால் கூடுதல் கறார்.

அந்த வாரம் நோய்க் கட்டிடத்தில் வேலை. முடித்து வீட்டுக்கு வந்தபோது சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவருக்கு போன் போட்டார். மாமாவுக்குக் குழாய் ரிப்பேர் என்றால் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி. உடனே வந்தார். குழாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"ஏம்மா, உன் கண்ணாடியைக் கொஞ்சம் குடு. இந்த ரப்பர் வளையம் எந்தப் பக்கம்னு தெரியல."

"நீங்க ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா, மாமா?"

"வாங்கினா எனக்கு வயசாயிடுச்சுன்னு உங்கக்கா ஊருக்கெல்லாம் சொல்லிடுவா."

ஒழுகல் நின்றது. டீ குடித்தார். போய்விட்டார்.

மறுநாள் காலையில் கண்ணாடியைக் காணோம். மேசை, அலமாரி, தலையணைக்கு அடியில் என்று தேடிவிட்டு மாமாவுக்கு போன் செய்தார்.

"அட, என் சட்டைப் பையிலதான் இருக்கு. நல்ல கண்ணாடிம்மா அது! காலையில கொட்டில்ல மருந்து பாட்டில்ல எழுதியிருந்ததை முழுசாப் படிச்சேன். இத்தனை நாளா பாதியைத்தான் படிச்சிருக்கேன்."

"கொட்டில்லயா?"

"ஆமா. குனிஞ்சப்ப தீவனத் தொட்டியில விழுந்துடுச்சு. பயப்படாதே, ஒடையல. ஒரு பன்னி மோந்து பாத்துச்சு, நக்குச்சு. கழுவி வெச்சிருக்கேன்."

ஊசியம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

நேற்று கண்ணாடியை முக்கினேனா?

தினமும் முக்குகிறவர்தான். அதுதான் சிக்கலே. தினமும் செய்கிற காரியம் மனசில் பதிவதில்லை. தட்டு ஞாபகம் இருக்கிறது, மருந்தின் வாடை ஞாபகம் இருக்கிறது, ஈரக் கண்ணாடியைத் துண்டில் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது நேற்றா, முந்தாநாளா, போன மாதமா? நேற்று ஒரு பன்றி மூச்சுவிடச் சிரமப்பட்டு எல்லாரும் ஓடினார்கள். வெளியே வரும்போது அந்தப் பன்றியின் வாய்தான் கண்ணில் நின்றது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரிப் பலகை இருக்கிறது. கண்ணாடியை அதில் வைத்துவிட்டுக் குளித்து, கையை நீட்டி அப்படியே எடுத்திருந்தால்?

அக்காவின் கொட்டிலில் இப்போது சினையாக இருப்பது மகாராணி. அக்கா வைத்த பெயர் அது. மூன்று மாதத்துக்கு முன்னால் வெளியிலிருந்து வாங்கி வந்த இளசு, முதல் ஈத்து. தனித் தடுப்பில் வைத்து, தனித் தீவனம் போட்டு வளர்க்கிறாள். போன தடவை வேறொரு பன்றி ஈன்றபோது பாதிக் குட்டிகள் செத்தே பிறந்தன. பூசணம் பிடித்த தீவனத்தைப் போட்டுவிட்டார் என்று மாமாவை அக்கா இன்றுவரை வறுத்தெடுக்கிறாள். இந்த முறையும் போனால் பண்ணையை மூடிவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

விஷயத்தைக் கேட்ட மாமாவின் குரல் சட்டென்று இறங்கியது. "நீ முக்கியிருப்பே. எத்தனை வருஷமா செய்யறே. இதை ஏன் பெருசாக்கறே? உங்கக்காவுக்குத் தெரிஞ்சா முதல் வெட்டு எனக்குத்தான்."

"முக்காம இருந்திருந்தா, மாமா?"

போனில் அவருக்குப் பின்னால் பன்றிகள் தீவனத்துக்குக் கத்துவது மட்டும் கேட்டது.

பழைய, காது உடைந்த கண்ணாடியில் நூலைச் சுற்றி மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். பொறுப்பு டாக்டரம்மா அப்போதுதான் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். ஊசியம்மா உட்காராமலே சொல்லி முடித்தார்.

"முக்கினீங்களா, இல்லையா?"

"தெரியல டாக்டர்."

"தொண்ணூறு சதவீதம் முக்கினேன்னு சொல்ல முடியுமா?"

"வேற யாரோட பன்னியா இருந்தாலும் சொல்லியிருப்பேன். அக்கா பன்னிங்கறதால சொல்ல முடியல."

டாக்டரம்மா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று ஊசியம்மாவுக்குத் தோன்றியது. "ரெண்டு கட்டிடத்துக்கும் நீங்க இப்ப போக வேண்டாம். உங்க அக்கா பண்ணையிலேர்ந்து எதுவும் விற்கக் கூடாது, புதுசா எதுவும் உள்ளே வரக் கூடாது. எச்சில் எடுக்கக் கயிறு கட்டுவோம், ரத்தம் எடுப்போம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் எடுப்போம். இப்ப என்ன இருக்குன்னு தெரியாம அப்புறம் வர்ற முடிவுக்கு அர்த்தமில்லை. ஆனா முதல்ல நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க. வெள்ளை உடுப்புப் போட்ட ஆளுங்க போய் நின்னு சொல்றது நல்லா இருக்காது."

போனில் அக்கா முழுவதையும் கேட்டாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்பது என்பதே பயமான விஷயம்.

"இப்ப நான் யாரைத் திட்டணும்? வியாதியைக் குடுத்து அனுப்பின உன்னையா, மூக்குல மாட்டிட்டு வந்த இந்த மனுஷனையா? முதல்ல அதைச் சொல்லு."

"என்னைத் திட்டு, அக்கா."

"உன்னைத் திட்டி என்னடி பண்ண? மகாராணிக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் முகத்துல முழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் நிலையத்து ஆட்கள் போனார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் பருத்திக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பன்றிகளுக்குக் கயிறு கிடைத்தால் போதும், கூடிக் கூடி மெல்லும். எச்சில் ஊறிய கயிற்றைப் பையில் பிழிந்து சோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள். ரத்தம் எடுத்தவர் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர். மகாராணியை மூன்று தடவை குத்தினார் என்று மாமா ரகசியமாக போனில் சொன்னார். அது ஊசியம்மாவின் கழுத்திலேயே குத்திய மாதிரி இருந்தது.

ஊசியம்மாவுக்கு அலுவலக அறையில் சோதனைக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். ஒட்டினார். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் சீட்டு கோணலாகப் போனது. மகாராணி தீவனம் சாப்பிட்டதா என்று மாமாவிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவரே காலையும் மாலையும் 'சாப்பிட்டாச்சு' என்று செய்தி அனுப்ப ஆரம்பித்தார். ஒருநாள் மாலைச் செய்தி வரவில்லை. ஊசியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டார். போய் என்ன செய்வது, கொட்டில் பக்கம் போகக் கூடாதே என்று அங்கேதான் உறைத்தது. நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது: 'சாப்பிட்டாச்சு. நானும்.'

டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார்.

"கயிறு எல்லாம் சுத்தம். வைரஸ் இல்லை. ஆனா ரத்தத்துல மூணு தாய்ப்பன்றிக்கு எதிர்ப்புப் பொருள் இருக்கு."

வைரஸ் உடம்புக்குள் வந்தால்தான் அதை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் உண்டாகும். அப்படியென்றால் வந்துவிட்டது. தான்தான் கொண்டுபோய் விட்டோம். மகாராணிக்குமா?

"உட்காருங்க. நம்ம பன்றிகளுக்கு வைரஸ் குடுத்து நாலாம் நாள் நீங்க எடுக்கற ரத்தத்துல என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அப்பத்தான்..." ஊசியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அதேதான். அந்த ரத்தத்தை எடுத்தப்ப கண்ணாடி போய் நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. இது பழசு. மாசக்கணக்குல பழசு. அந்த மூணும் ஏற்கெனவே நோய் வந்து பிழைச்சதுங்க. புதுசா வாங்கின பெண்பன்றிக்கு ஒண்ணும் இல்லை."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று ஊசியம்மாவுக்கு வந்தது. அது முடிவதற்குள் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"கடைசியா எப்ப அக்கா வீட்டுக்குப் போனீங்க?"

"போன மாசம். சாப்பிடப் போனேன். கொட்டிலுக்குப் போகல. வீட்டுக்குள்ளதான். ஒரு வாரம் கழிச்சுத்தான் இங்க..."

"சுத்தக் கட்டிடத்துக்குப் போனீங்க."

இங்கிருந்து அங்கே போயிருக்குமோ என்று இத்தனை நாள் பயந்தார். அங்கிருந்து இங்கே வந்திருக்குமோ என்று ஒருதரமும் நினைக்கவில்லை. சுத்தப் பன்றிகளில் ஒன்றுக்கு வந்திருந்தாலும் ஒரு வருட ஆராய்ச்சி குப்பைக்குப் போகும். அன்றே எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஊசியம்மா வெளியே மரத்தடியில் நின்று, உள்ளே பன்றிகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் எடுத்தால் அவை இவ்வளவு கத்தாது. மறுநாள் டாக்டரம்மா ஜன்னல் வழியாகக் கையை விரித்துக் காட்டினார்: ஒன்றும் இல்லை.

ஊசியம்மா அன்றே அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள் போல, மாமாவின் குரல்தான் முதலில் வந்தது.

"அப்ப போன தடவை குட்டிங்க செத்தது அந்த வியாதியாலயா? தீவனத்தால இல்லையா? ஆறு மாசமா நான் வாங்கின திட்டெல்லாம்?"

"அது இருக்கட்டும்," என்றாள் அக்கா. "வேற எதுக்காவது ஆகும்." பிறகு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள். "மகாராணிக்கு எதிர்ப்பு இல்லைன்னா, அந்த மூணுகிட்டேர்ந்து அவளுக்கு ஒட்டிக்காதா?"

"கயிறுல வைரஸ் இல்லை, அக்கா. ஆனா ஒட்டவே ஒட்டாதுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க. தனியாவே வெச்சிரு. முதல்ல அவளுக்குத் தீவனம் போடு, அப்புறம் மத்ததுக்கு. பூட்ஸ் தனி."

"உன் டாக்டரம்மா இதைச் சொன்னாளா?"

"நான் சொல்றேன்."

அக்கா "சரி" என்றாள்.

இரண்டாம் முறை எடுத்த ரத்தத்திலும் மகாராணி சுத்தமாக இருந்தது. ஊசியம்மாவை மறுபடியும் நோய்க் கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். சுத்தக் கட்டிடம் இனி அவருக்கு இல்லை. பன்றி வளர்க்கும் வீட்டோடு போக்குவரத்து உள்ளவர்கள் அங்கே நுழையக் கூடாது என்று புது விதி போட்டிருந்தார்கள். அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவர்தான்.

மகாராணி ஈன்ற நாளில் அவர் உள்ளே இருந்தார். வெளியே வந்து, குளித்து, போனை எடுத்தால் அக்காவிடமிருந்து எட்டு அழைப்புகள். எட்டையும் எண்ணிப் பார்த்தார். துண்டால் தலையைத் துவட்டினார். பிறகு கூப்பிட்டார்.

"எங்கடி போயிட்டே? ஒண்ணு அசையாமக் கெடந்துச்சு. என்ன பண்றதுன்னு கேக்கத்தான் போட்டேன். உங்க மாமா காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கி ஆட்டினாரு, கத்திடுச்சு. எல்லாம் உசிரோட இருக்கு. வந்து பாரு."

"இன்னிக்கு உள்ளே போயிட்டு வந்தேன், அக்கா. ஒரு வாரம் கழிச்சுத்தான்."

"ஒரு வாரமா? அதுக்குள்ள இதுங்க முகமே மாறிடும்."

"மாறட்டும்."

ஒரு வாரம் கழித்துப் போனார். வீட்டுக்கு வெளியே, சாலையில் நின்றார். அக்கா கொட்டில் வாசலிலிருந்து வா வா என்று கையசைத்தாள். விதிப்படி ஒரு வாரம் ஆகியிருந்தும் இவர் தலையசைத்து மறுத்தார். அக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், ஒரு குட்டியைத் தூக்கி வந்து, சுவருக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். தூரத்தில் அது காலை உதைத்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. இருமுகிறதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், ஊசியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.