முன்னால் மூட்டை கட்டாத ஜீப்

இன்ஜினை ஓடவிட்டு இறங்கி, தங்கவேல் ஜீப்பின் முன்னால் போய் நிற்கிறார். தோளில் கிடக்கும் துண்டின் நுனியை ரேடியேட்டர் சல்லடைக்கு நேரே பிடிக்கிறார். உள்ளே சுழலும் விசிறி காற்றை இழுக்க, துண்டு சல்லடையில் ஒட்டிக்கொள்கிறது. "மூச்சு நல்லாத்தான் கீது" என்று தனக்கே சொல்லிக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுப்பார்.

"இன்னா தங்கவேலு, தெனமும் வண்டிக்கு மூக்கு தொடச்சாவணுமா?" பின்சீட்டிலிருந்து, சந்தைக்குப் புளி கொண்டுபோகும் வெள்ளையம்மாள் குரல் கொடுப்பார். "என் புளி மூட்டைக்கு முன்சீட்டு, எனக்கு இந்த இடுக்கு. நல்லாருக்குயா நாயம்!"

ஜவ்வாது மலையில் புளிக் காலத்தில் ஜீப்பின் கூரை நிறைந்துவிட்டால், மிஞ்சிய மூட்டைகளை முன் பம்பரில் கட்டுவது வழக்கம். தங்கவேல் மட்டும் கட்டுவதில்லை. வளைவுகளில் ஹாரன் அடிக்கக் கூச்சப்பட்டு, தலையை வெளியே நீட்டி "ஹோய்" என்பவர். கோடையிலும் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றவே மாட்டார்.

போன மாசி வரை அவரும் கட்டியவர்தான். என் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, சந்தைக்குக் கிளம்பி நின்ற அவர் ஜீப்பில்தான் ஏற்றினார்கள். பம்பரில் இரண்டு மூட்டைகள். அவிழ்க்க நேரமாகும் என்று அப்படியே எடுத்தார். எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கும் போளூருக்கு இறங்க முதலில் ஏற வேண்டும். ஏற்றத்தில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. வண்டி நின்றது. ஆறும்வரை பொறுக்காமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதிநீர் வலது கையில் பீறிட்டது. அடுத்த வண்டி வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

முதல் வருடப் படையலுக்கு வேலூரிலிருந்து வந்தேன். அங்கே கார் பழுது பார்ப்பது என் வேலை. தங்கவேல் வாசல்வரை வந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"பாப்பா, நீ இதத்தான படிச்ச? பாத்து சொல்லு. அந்த மூட்டதான?"

பானெட்டைத் திறந்தேன். தண்ணீர் குறையலாம். குழாய் கசியலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கலாம். ரேடியேட்டர் அடைபடலாம். விசிறி பெல்ட் நழுவலாம். ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஏதாவது ஒன்று கெட்டிருக்க வேண்டும் என்றுதான் தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது. காற்று ஒன்றுதான் மிச்சம்; சல்லடைக்கு முன்னால் மூட்டை இருந்தால் அது உள்ளே போகாது.

"பெல்ட்டு லூசு மாமா" என்றேன். "அன்னிக்கும் அதான் நழுவிருக்கும். மூட்டையால இல்ல."

அவர் நிமிரவில்லை.

"அன்னிக்கு இருந்த அதே பெல்ட்டுதான் பாப்பா."

பானெட்டை மூடி, வண்டியை ஸ்டார்ட் செய்தார். முன்னால் போய்த் துண்டை நீட்டினார். பொத்தான் கழன்று சட்டைக் கை மேலேறி, முழங்கைவரை சுருங்கிய தோல் தெரிந்தது. துண்டு ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தார். துண்டு விழவில்லை. நான் பார்க்கும்படி அதை அங்கேயே விட்டுவிட்டு, தள்ளி நின்று, சட்டைக் கையை இறக்கிப் பொத்தானை மாட்டினார்.