பெட்டிச் செய்தியில் வந்த கண்டக்டர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒல்லியானவர். டிக்கெட் கிழிக்கும் முன் கட்டைவிரலை நெற்றி வியர்வையில் தொட்டுக்கொள்வார். டயர் பஞ்சர், மலைப்பாதையில் மழை, காய்ச்சல், சண்டை போடும் பயணி எல்லாமே அவருக்கு 'பேஜாரு'தான். அதை எங்கள் பத்திரிகையில் வேடிக்கையான பெட்டிச் செய்தியாக எழுதினேன். பஸ் கிளம்பும் நேரத்தையும் விடாமல் சேர்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அதே பஸ்ஸில் ஏறினேன்.

"யோவ் பேஜாரு, கச்சிராயபாளையம் ரெண்டு குடு" என்றார் ஒருவர். பஸ்ஸே சிரித்தது. முன்பென்றால் இதற்கே 'பேஜாரு' என்றிருப்பார்; கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியும். "இப்பல்லாம் நீங்க அதைச் சொல்றதில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். அம்மா தவறின அன்னிக்கு லீவு கேட்டு ஓனருக்குப் போன் பண்ணேன். வூட்ல பேஜாருங்கன்னேன். அவரு சிரிச்சிட்டாரு. அதுக்கப்புறம் அந்த வார்த்தை எனக்கு வாயிலயே வரலீங்க."

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் ஜன்னலோரம் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். "அங்க குந்துங்க சார், காத்து வரும்."

அவர் கோபப்பட்டிருந்தால் இறங்கிப் போயிருப்பேன். அவர் காட்டிய இடத்தில் வெள்ளிமலை வரை உட்கார்ந்து போனேன்.