வயல் காற்றைப் பிடிக்க வந்தவள்

தஞ்சாவூரில் கார்பன் மேலாண்மை முதுகலை படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், திருவிடைமருதூர்ப் பக்கத்து எங்கள் வயலுக்கு வாராவாரம் வருவாள். ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை சேறு. நெற்பயிரின் மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, வயல் வெளிவிடும் வாயுவை அளப்பதற்காகச் சேகரிப்பாள். காத்திருக்கும்போதெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொள்வாள்.

"யார்கிட்டம்மா பேசுறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருமில்லக்கா. இந்தப் படிப்புல நான் ஒருத்திதான். ரூம்லயும் தனிதான். பேசாம இருந்தா என் குரலே எனக்கு மறந்துடும்போல இருக்கு."

அறுவடை முடிந்த மறுவாரமும் வந்தாள், பெட்டி இல்லாமல்.

"இனிமே என்னம்மா இருக்கு அளக்க?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா வரணும்னு தோணுச்சு."

கணவர் குவைத் போனதிலிருந்து, வேலையில்லாத நாளிலும் வயலுக்கு வருகிறவள் நான். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவள் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தேன். பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவள் வரவில்லை. இப்போது எந்த ஊரில், யாரோடு பேசுகிறாளோ.