முதல் சறுக்கு ஷம்சியுடையது

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி ஷம்சியின் கன்னத்தில் காதிலிருந்து தாடை வரை ஒரு தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால், "பனியில விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். பனிமேல் பழி போடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது. ஆனால் பனி அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்தது கூடப்பிறந்தவனும் கட்டிக்கொண்டவனும். நான் எதிர்வீட்டுக்காரி, பக்கத்தில் நின்று பார்த்தவள். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

ஷம்சி திரைச்சீலை தைப்பவள். கிழக்குத் தெஹ்ரானில் பாதி ஜன்னல்களில் அவள் தைத்ததுதான் தொங்குகிறது. கணவன் ஜம்ஷித் டாக்ஸி ஓட்டுகிறான். நல்லவன்தான், ஆனால் சண்டை என்றால் காத தூரம் ஓடுவான். "எதுக்கு வம்பு" என்பதுதான் அவனுக்கு வேதவாக்கு. ஒரே மகள் நெகீன். ஒரே தம்பி ஹுஷங், ஷம்சியே ஊட்டி வளர்த்தவன். அவன் முகம் வாடினால் இவளுக்குச் சோறு இறங்காது.

நெகீன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், முதல் பனிக்கு எல்லோரையும்போல அவர்களும் மலைக்குப் போனார்கள். நெடுஞ்சாலையோரம் டயர் டியூப்பை வாடகைக்கு விடும் ஒரு சரிவு. அங்கிருந்தவர்கள் கூட்டம் குறைய வேண்டுமென்று மூன்று டியூப்பைச் சேர்த்துக் கட்டிக் குழந்தைகளைத் தள்ளிவிட்டார்கள். கீழே கார் நிறுத்துமிடம். நெகீன் ஒரு ஜீப்புக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. வளர்ந்து பெரியவளாகியும் இன்னும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

வேறொருத்தியாக இருந்தால் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டாள். ஷம்சியோ, "புள்ளைங்கள வீட்டுக்குள்ள பூட்டி வைக்கவா பெத்தோம்? எடம் தப்பா இருந்தா பனி என்ன பண்ணும்?" என்று நல்ல இடம் தேடக் கிளம்பினாள். தேடுவதிலும் அவளுக்கென்று ஒரு வழி. பனி விழுந்த பிறகு எந்தச் சரிவும் அழகுதான். கல்யாண அலங்காரத்தில் எல்லாப் பெண்ணும் அழகாயிருப்பதுபோலத்தான் அதுவும். அதனால் இலையுதிரும் காலத்திலேயே, மலை வெறும் மண்ணாகக் கிடக்கும்போது போவாள். கையில் ஒரு கம்போடு கீழிருந்து மேல்வரை குத்திக் குத்தி நடப்பாள். மேலே பனி திரண்டு சரியும்படி செங்குத்தான முகடு இருக்கக் கூடாது. கீழே சாலை கூடாது, ஓடை கூடாது. முடிகிற இடத்தில் டியூப் தானாக நின்றுபோகும் அளவுக்குச் சமதரை வேண்டும்.

"சம்பந்தம் பேசப் போறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க அக்கா" என்று ஹுஷங் கேலி செய்வான்.

"விசாரிச்சிருந்தா உன் பொண்டாட்டிக்கு நீ கெடச்சிருக்க மாட்டடா" என்பாள் இவள்.

எத்தனையோ சரிவைக் கழித்துக்கட்டிக் கடைசியில் ஒன்று அகப்பட்டது. தமாவந்து சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மஷ் சஃபர் என்கிற கிழவரின் அக்ரூட் தோப்புக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் சரிவு. பிடித்துப்போன பிறகும் வருஷா வருஷம் போய்ப் பார்ப்பாள். கல் உருண்டிருக்கும், யாராவது குழி வெட்டியிருப்பார்கள், நிலத்தை நம்ப முடியாது என்பாள். மஷ் சஃபர் வாசலிலேயே டீக்கு அழைப்பார். "மொதல்ல சரிவு, அப்புறம் டீ" என்று இவள் நடையைக் கட்டுவாள். எங்கள் ஊரில் இது பெரிய மரியாதைக் குறைவு. உபசாரத்துக்கு உட்காராமல் போனால் உன்னை நம்பவில்லை என்று முகத்தில் அடித்துச் சொன்னதுபோல. கிழவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடப்பார்.

இன்னொரு சட்டமும் உண்டு. பனிக்காலத்து முதல் சறுக்கு ஷம்சியுடையது. அவள் கீழே போய்ச் சேர்ந்து கையாட்டிய பிறகுதான் குழந்தைகள்.

போன இலையுதிர்காலத்தில் அவளுக்கு முட்டி வீங்கிவிட்டது. ஹுஷங் தானாகவே, "நான் போய்ப் பாத்துட்டு வரேன்கா" என்றான். போனான். ஒரு மூட்டை அக்ரூட்டோடு திரும்பி வந்தான். அன்று நான் ஷம்சி வீட்டில்தான் இருந்தேன்.

"நடந்து பாத்தியா?"

"பாத்தேன்கா."

"கீழேருந்து மேல வரைக்கும்?"

"என்னக்கா போலீஸ் மாதிரி கேக்குற? உன் உயிர்மேல சத்தியம், அடி அடியா நடந்து பாத்தேன். கைக்கொழந்தையக்கூட உருட்டி விடலாம்."

நாங்கள் உப்பில்லாமல்கூடச் சமைத்துவிடுவோம், சத்தியமில்லாமல் பேச மாட்டோம். தக்காளிக்காரன்கூடத் தாய் உயிர்மேல் சத்தியம் செய்துதான் தக்காளி விற்கிறான். ஷம்சி அந்த ரகமில்லை. அவள் யார் உயிர்மேலும் சத்தியம் செய்து நான் கேட்டதில்லை. பொய்ச்சத்தியம் அந்த உயிரைத்தான் வாங்கும் என்பாள். தான் சத்தியம் செய்யாததனாலோ என்னவோ, தம்பி செய்தபோது அப்படியே நம்பினாள்.

அந்த வருஷம் பனி கொட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை இரண்டு காரில் கிளம்பினோம். கூரையில் டியூப்கள், பின்சீட்டில் கம்பளி சுற்றிய ஆஷ் கஞ்சிப் பானை. வெந்த கீரையும் பயறும் மணத்ததில் வழியெல்லாம் பசித்தது. மஷ் சஃபர் தோப்பு வாசலில் நெஞ்சில் கைவைத்து நின்றார்.

"உங்க காலடி என் கண்ணுமேல. எடம் உங்களுது" என்றவர், வழக்கத்துக்கு மாறாக அன்று எங்களோடு சரிவுக்கு வரவில்லை. டீக்குச் சமோவார் பற்றவைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

மேலே ஏறி டியூப்பைப் போட்டதும் ஹுஷங்கின் சின்ன மகள் ரோயா அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அத்தை, இன்னிக்கு நான்தான் மொதல்ல!"

"உனக்குத்தான் முட்டி வலிக்குதே, போகட்டும் விடுக்கா" என்றான் ஹுஷங்.

ஷம்சி தயங்கினாள். "நீதான் சத்தியமே பண்ணிட்டியே" என்று டியூப் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். ஜம்ஷித்தும் சேர்ந்துகொண்டான். "விடேன் ஷம்சி, கொழந்தை ஆசைப்படுது." இதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ரோயா காலால் உந்தினாள். டியூப் நகர்ந்தது. ஷம்சி பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். "எறங்குடி செல்லம். சட்டம்னா சட்டம். அத்தை போய் ருசி பாத்துட்டு வரேன், அடுத்தது நீ."

வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்து, "யா அலி!" என்று கத்திக்கொண்டு போனாள். நாங்கள் கைதட்டினோம். கீழே சமதரையில் மெல்ல நிற்க வேண்டிய டியூப் வெடித்து நின்றது. அவள் முன்னால் தூக்கி எறியப்பட்டாள். கையாட்டவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் முள்கம்பி. கீழ்க்கம்பி பனிக்குள் புதைந்திருந்து டியூப்பைக் கிழித்திருந்தது. மேல்கம்பி அவள் கன்னத்தைக் கிழித்திருந்தது. கம்பம் எல்லாம் பனியில் மூழ்கி, நுனி மட்டும் முட்செடிபோல நீட்டிக்கொண்டிருந்தது. ரோயா டியூப்பில் உட்கார்ந்து வந்திருந்தால் அந்த மேல்கம்பி அவள் கழுத்துக்கு நேராக வந்திருக்கும்.

மஷ் சஃபர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "இந்தக் கீழ்த்துண்ட வித்துட்டேம்மா! வாங்கினவன் கம்பி போட்டுட்டான். தம்பி வந்தப்பவும் சரி, இன்னிக்கும் சரி, எடம் இல்லன்னு எப்படி வாயால சொல்லுவேன்? உங்கள மாதிரி நடந்து பாப்பாரு, கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்குவாருன்னு இருந்தேன். அவரு உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல."

"நீங்கதானே சொன்னீங்க, இதுல பாக்க என்ன இருக்கு, உக்காருங்கன்னு!" ஹுஷங் சீறினான். "அதுக்கப்புறமும் எழுந்து போய்ப் பாத்தா உங்கள நம்பாத மாதிரி ஆகாதா?"

இரண்டு மரியாதைக்காரர்கள்! ஒருவர் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டார், இன்னொருவன் எழுந்து நடக்கக் கூச்சப்பட்டான். வீட்டுக்கு வந்து அக்கா உயிர்மேல் பொய்ச்சத்தியம் செய்ய மட்டும் அவனுக்கு ஒரு கூச்சமும் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தாலும் ஷம்சி தாங்கியிருப்பாள். துண்டால் அவள் கன்னத்தை அழுத்திப் பிடித்திருந்த ஜம்ஷித், பதற்றத்தில் வாயை விட்டான். "நீ எங்கிட்ட உளறின அன்னிக்கே சொன்னேன்ல ஹுஷங், நடந்து பாக்கலேங்கறத அவகிட்ட சொல்லிடுன்னு!"

ஷம்சி மூடியிருந்த கண்ணைத் திறந்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னா நீ இந்த முட்டியோட கெளம்பிடுவ. அவன்கூட சண்டை போடுவ. எதுக்கு வம்புன்னு..."

"தெரிஞ்சேதான் கொழந்தைய விடச் சொன்னீங்களா?"

அவன் துண்டை மடித்து மாற்றிப் பிடித்தான். அவள் அதை வாங்கித் தானே அழுத்திக்கொண்டாள். கார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து வந்தாள். கணவன் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

தையல் போட்டு வீட்டுக்கு வந்ததும் சொந்தபந்தம் திரண்டு வந்தது. கண்ணுபட்டுவிட்டது என்று ஒருத்தி புகை போட்டாள். விதி என்றாள் இன்னொருத்தி. "நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று மூன்றாமவள் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ இவ யாரு?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரொட்டி வேணுமா, உப்பு போதுமா என்பதைத் தவிரக் கணவன் மனைவிக்கு வேறு பேச்சில்லை.

நவ்ரூஸ் வந்தது. வருஷப் பிறப்பன்று பகையோடு இருக்கக் கூடாது, சிறியவர் பெரியவரைத் தேடிப் போக வேண்டும். ஹுஷங் பூந்தொட்டியும் இனிப்புமாக, ரோயாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். வாழ்த்துச் சொல்ல நானும் போயிருந்தேன்.

"வாங்க, உங்க காலடி என் கண்ணுமேல" என்றாள் ஷம்சி. ஊட்டி வளர்த்தவனைப் பார்த்து 'வாங்க' என்றாள். பழம் வைத்தாள், பருப்பு வைத்தாள், டீ வைத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. அவன் உடைந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"திட்டுக்கா. அடிக்கா. இப்படி விருந்தாளியாக்காத. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"மன்னிச்சுட்டேன்."

"ஒப்புக்குச் சொல்ற. சத்தியமா மன்னிச்சுட்டியா?"

ஷம்சி ரோயாவைப் பார்த்தாள். மூலையில் தலைகுனிந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஜம்ஷித்தைப் பார்த்தாள். பிறகு சின்ன வயதில் வைப்பதுபோலவே தம்பியின் தலையில் கைவைத்தாள்.

"உன் உயிர்மேல சத்தியம், மன்னிச்சுட்டேன்."

அக்கா யார் உயிர்மேலும் சத்தியம் செய்து அவனும் அதுவரை கேட்டதில்லை. முகம் வெளுத்துவிட்டது. டீயைக் கையில் எடுத்தவன் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு, ரோயாவைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனான்.