பட்டினி அதிகாரி

"தலையைக் குனிஞ்சுக்குங்க டாக்டர், ஆட்டுக்காரர் ஒருத்தர் வர்றாரு. பாத்தாருன்னா விடமாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே ஃபவாஸ் தன் பங்கு ரொட்டிச் சுருளை ஸ்டியரிங்குக்கு அடியில் மறைத்தார். பாலைவன நெடுஞ்சாலையோரம் நின்றிருந்த இரண்டு பாஸ்பேட் லாரிகளுக்கு நடுவே அரசாங்கக் காரைச் செருகி நிறுத்தியிருந்தார். பின்சீட்டில் ஃபின்லாந்துப் பேராசிரியர் எய்னோ, ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், கெட்டித் தயிரும் வெள்ளரியும் வைத்த ரொட்டியை வாயில் வைத்தபடியே மடங்கிக் குனிந்தார். ஆடுகள் காரைச் சுற்றிக்கொண்டு போய் முடிகிறவரை இருவரும் மெல்லக்கூட இல்லை.

ஃபவாஸுக்கு ஐம்பத்தாறு வயது. தலைநகர் அம்மானில் உள்ள ஆராய்ச்சி மன்றம் ஒன்றில் வெளிநாட்டு ஒத்துழைப்புப் பிரிவு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு என்பது அவர், ஒரு மேசை, ஜன்னலில் தண்ணீர் கண்டால் உண்டு காணாவிட்டால் இல்லை என்று நிற்கும் ஒரு கற்றாழை, அவ்வளவுதான். நம் ஆராய்ச்சி நிலையங்களை மதிப்பிட வருகிற வெளிநாட்டு நிபுணர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டி, அவர்கள் வாயில் ஒரு பருக்கையும் படாமல் திரும்பக் கொண்டுவந்து விமானத்தில் ஏற்றுவது அவருடைய வேலை. காகிதத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு. ஊரில் அவருக்கு வைத்திருக்கிற பெயர் ரமலான். அவர் கார் வாசலில் வந்து நின்றால், "ரமலான் வந்துடுச்சு, தட்டையெல்லாம் உள்ள வைங்க" என்று நிலையத்துக்காரர்கள் அவர் காதுபடவே சொல்வார்கள்.

இப்படி ஆனதற்கு ஒரு நல்ல மனிதர் காரணம். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு பேராசிரியர் வந்தார். எல்லா நிலையங்களையும் பார்த்தார், எல்லோருக்கும் உயர்ந்த மதிப்பெண் போட்டார். போட்டதோடு விட்டிருக்கலாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நெஞ்சு நெகிழ்ந்து நன்றி எழுதினார். தனக்காக அறுத்த இரண்டு ஆடுகள், ஒரு தாம்பாளம் குனாஃபா இனிப்பு, ஒரு ஜாடி ஒலிவ எண்ணெய், தோளில் போர்த்திய அங்கி, ஒன்றையும் விடவில்லை. ஆராய்ச்சிப் பணத்துக்கு மனுப் போட்டவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர்களுக்கே மதிப்பெண் போட்டிருக்கிறார் என்று பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் முடிவு கட்டினார்கள். நாட்டின் மனுக்கள் அத்தனையையும் ஐந்து வருஷத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதன் பிறகு வேறு இடங்களிலிருந்து வந்த நிபுணர்களைக்கூட ஃபவாஸ் ஒரு வாய் சாப்பிட விட்டதில்லை.

இந்த ஏப்ரலில்தான் கதவு மறுபடி திறந்தது. ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்தும் வறட்சி ஆராய்ச்சித் திட்டம் அது. நம் நாட்டையும் சேர்ப்பதா வேண்டாமா என்பது எய்னோவின் கையில். கிளம்பும்போது அவர் ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், மனுதாரரிடமிருந்து உணவோ பானமோ பரிசோ ஏற்கவில்லை என்று. எய்னோ பொய் எழுதுகிற ஆள் இல்லை. "இன்னொரு தடவை கதவை மூடினாங்கன்னா, திறக்கறப்போ நான் ரிட்டயர் ஆகி வீட்ல குந்தியிருப்பேன்" என்று ஃபவாஸ் மனைவியிடம் சொன்னார். மகன் தாமிரின் பெயரால் ஊரில் அவர் அபூ தாமிர், மனைவி உம்மு தாமிர்; அந்த உம்மு தாமிர்தான் காரில் போகிற ரொட்டியெல்லாம் சுடுகிறவர். மன்றம் மனுதாரர் இல்லை என்பதால் மன்றத்து அதிகாரி வீட்டு ரொட்டியை நிபுணர் சாப்பிடலாமா என்று கேட்டு, சாப்பிடலாம் என்று எழுத்தில் வாங்கி வைத்திருந்தார் ஃபவாஸ். அந்தக் கடிதம் எப்போதும் காரில் ரொட்டிப் பொட்டலத்தோடு இருக்கும்.

விருந்தாளியைப் பட்டினி போடுவது நம் ஊரில் லேசான காரியமா? சும்மா வர விடுகிறார்களா? ஒரு நிலையத்தின் இயக்குநர் நிலையத்தை ஒட்டிய தன் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு, "சாப்பிடாம இந்தப் படியைத் தாண்டினீங்கன்னா எம் பொண்டாட்டியைத் தலாக் சொன்னேன்" என்று சத்தியம் செய்தார். ஃபவாஸ் அவரிடம் வாதாடவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "தங்கச்சி! ஒரு தட்டு சோத்துக்கு உன்னைத் தள்ளி வைக்கறாராம் உன் புருஷன். உனக்குச் சம்மதமா?" என்று குரல் கொடுத்தார். "போகச் சொல்லுங்கண்ணே அந்த மனுஷனை! மாவு பிசையறதாவது மிச்சம்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. இயக்குநர் வழியை விட்டார். ஆனால் அந்த வீட்டில் இன்றுவரை ஃபவாஸுக்கு சலாம் கிடையாது.

அதற்காக அவர் வேலையை வெறுப்போடு செய்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டுக்காரர்களிடம் அவர் பேசுவதைக் கேட்டால் சந்தையில் தர்பூசணி விற்கிறவர் தோற்றுப்போவார். "எண்ணெய் சவூதிக்காரன்கிட்ட இருக்கு. எரிவாயு கத்தார்க்காரன்கிட்ட இருக்கு. எங்ககிட்ட வறட்சி இருக்கு டாக்டர், முதல் தரம். உங்க ஊர்ல இப்படி ஒண்ணு தயார் பண்ணணும்னா நூறு வருஷம் ஆகும். நாங்க இப்பவே தர்றோம்." எய்னோ அதைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு குறிப்பேட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக ஃபவாஸை அரித்த விஷயம் ஒன்று உண்டு. சின்ன நாடு. பார்லியை ஆராய்கிறவர்கள் எண்ணி இரண்டே பேர். வடக்கே இர்பிதில் டாக்டர் மைசூன், விதையின் உள்விவகாரம் தெரிந்தவர். தெற்கே தஃபீலாவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஹாயில், முப்பத்தொரு வருஷமாக எந்த வயலில் எவ்வளவு மழை, எவ்வளவு விளைச்சல் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பவர். இருவரும் சேர்ந்தால்தான் திட்டத்தில் இடம். இருவருமே எய்னோவின் ஹெல்சிங்கியோடு பேசுவார்கள், ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு மைசூன் எழுதிய கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லியிருந்த பெயர்களில் ஹாயிலின் பெயர் கார் டிரைவரின் பெயருக்குப் பின்னால் வந்துவிட்டது. அகர வரிசை என்றார் மைசூன். "என் மழையை அவ கையில குடுக்கறதைவிடக் கிணத்துல போடுவேன்" என்றார் ஹாயில். நோட்டுகளைக் கேட்டு ஃபவாஸ் ஒன்பது கடிதம் எழுதிவிட்டார். ஒன்பதுக்கும் ஹாயில் மரியாதையாகப் பதில் போட்டார், ஒவ்வொன்றிலும் ஃபவாஸின் பிள்ளைகளை நலம் விசாரித்திருந்தார், நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஹாயிலின் நிலையத்துக்குத்தான் எய்னோவை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். முதல் நாளே ஃபோனில் பேரம் நடந்து முடிந்திருந்தது.

"ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அபூ தாமிர். சின்னது. பூனை சைஸ்தான் இருக்கும்."

"பூனையா இருந்தாலும் வேணாம், டாக்டர்."

"சரி, காப்பி மட்டும்."

"உணவோ பானமோன்னு போட்டிருக்கு."

"காப்பி பானமா? காப்பி மரியாதைய்யா!" என்றார் ஹாயில். "எங்க சித்தப்பா வர்றாரு, சொந்தக்காரங்க வர்றாங்க. வந்தவரு முன்னாடி ஒரு கோப்பை இல்லேன்னா நான் நாளைக்கு எந்த முகத்தோட வெளியில போவேன்?"

ஃபவாஸுக்கும் மனசு கேட்கவில்லை. யோசித்தார். "சரி, ஊத்துங்க. கையில குடுங்க. அவரு கீழ வெச்சிருவாரு. குடிக்கமாட்டாரு. நீங்களும் குடின்னு சொல்லக் கூடாது." ஹாயில் ஒப்புக்கொண்டார். விதியும் நின்றது, மரியாதையும் நின்றது என்று ஃபவாஸ் அன்று ராஜதந்திரி மாதிரி நடந்தார்.

விதியைப் படித்துப் படித்து மனிதருக்கு ஊர் வழக்கம் மறந்துபோயிருந்தது. தன் தம்பிக்கும் மச்சானுக்கும் பெண் கேட்கப் போனபோது எத்தனை வீட்டில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தவர்! விருந்தாளி காப்பியைத் தொடாமல் முன்னால் வைத்தால் நம்மிடம் ஒரே அர்த்தம்தான். கேட்க வந்தது ஒன்று இருக்கிறது, தருகிறேன் என்று சொன்னால்தான் குடிப்பேன்.

நிலையத்தின் கூடத்தில் சுவரோரம் மெத்தை போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எய்னோ முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்து உட்கார்ந்தார். ஹாயில் கோப்பையைக் கொடுத்தார். எய்னோ நெஞ்சில் கை வைத்து வாங்கினார், சொல்லிக்கொடுத்தபடி அலுங்காமல் தரையில் வைத்தார். ஃபவாஸ் மூச்சு விட்டார்.

மூலையிலிருந்து ஹாயிலின் சித்தப்பா அபூ நிம்ர் நிமிர்ந்தார். ஃபோன் பேரம் எதுவும் அவருக்குத் தெரியாது. மாவட்டத்தில் எந்தச் சமாதானப் பேச்சானாலும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். "ஹாயில், வந்தவரு கோப்பையைக் கீழ வெச்சிருக்காருப்பா. என்ன வேணும்னு கேளு" என்றார்.

ஃபவாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபோனில் பேசி வைத்ததைச் சபையில் சொன்னால் மானம் போகும், ஹாயிலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஹாயில் ஃபின்லாந்துக்காரரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். ஹாயிலுக்குக் கல்யாணமாகாத ஒரு மகள் இருக்கிறாள்.

"அபூ தாமிர், இவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேரனே இருக்கான் டாக்டர்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப என்னதான் கேக்கறாரு?"

ஒன்றும் கேட்கவில்லை, சும்மா வைத்தார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணமே இல்லாமல் காப்பியை மறுத்தவராகிவிடுவார் எய்னோ. அபூ நிம்ர் எழுந்து போய்விடுவார், அவர் பின்னால் கூடமே எழுந்துவிடும். ஃபவாஸ் எய்னோவின் பக்கம் சாய்ந்தார். "இவர்கிட்ட கேக்கறதுக்கு உங்களுக்கு ஏதாவது இருக்கா? இப்பக் கேட்டா கிடைக்கும். ஒண்ணே ஒண்ணு. பாத்துக் கேளுங்க."

எய்னோ மதிப்பீட்டுக் கேள்வித்தாளை எடுத்தார், விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். "பதினாலாவது கேள்வி. முப்பத்தொரு வருஷத்துக் குறிப்புகளை இர்பித் ஆய்வகத்தோட பகிர்ந்துக்குவாரா?"

ஃபவாஸ் அதை மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பார்லி மூட்டையை இறக்கி வைத்திருக்கலாம்.

"மைசூனுக்கா!" ஹாயில் முழங்காலில் எழுந்துவிட்டார். "ரமலானே, நீதானே சொல்லிக்குடுத்தே?"

"வல்லாஹி, சத்தியமா இல்ல. பதினாலாவது கேள்வி, அச்சுல இருக்கு. பாருங்க."

"வேற கேக்கச் சொல்லு. ஆடு கேக்கச் சொல்லு, பத்து தர்றேன். நிலம் கேக்கச் சொல்லு."

"அவரு கேட்டது மழைக் கணக்குதானே?" என்றார் அபூ நிம்ர். குரலை உயர்த்தவில்லை. "எம் மகனைக் காரால அடிச்சுக் கொன்னவனோட ஆளுங்க வந்து, இந்த மாதிரிதான் கோப்பையை வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. குடிங்கன்னு சொன்னேன். அன்னிக்கு நான் மன்னிப்பையே குடுத்தேன். நீ மழையைக் குடுக்கமாட்டியா?"

ஹாயில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே அவர் வாழ்நாளெல்லாம் கணக்கெழுதிய வயல் பச்சையாக நின்றது. அந்த மனிதரைப் பார்க்க ஃபவாஸுக்கே பாவமாகிவிட்டது. ஒன்பது கடிதம் எழுதிய எரிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை.

"காப்பியைக் குடிக்கச் சொல்லு" என்றார் ஹாயில் கடைசியில். "கேட்டது கிடைச்சாச்சு. நோட்டு முப்பத்தொண்ணும் உன் கார்லயே ஏத்திடறேன்."

இருபது பேர் கண்ணும் கோப்பைமேல் விழுந்தது. குடித்தால்தான் கொடுத்த வார்த்தை வார்த்தை. குடித்தால் உறுதிமொழித் தாள் போச்சு, நாடு போச்சு. நடந்ததை எய்னோ எவ்வளவு புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. அவர் கை தானாகவே கோப்பைப் பக்கம் போனது.

ஃபவாஸ் அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னய்யா பண்றே?" என்றார் அபூ நிம்ர்.

"பெரியவரே, அவருக்குப் பேசற வாய் என்னோடது" என்றார் ஃபவாஸ். "கேட்டதும் இந்த வாய்தான். குடிக்க வேண்டியதும் இதுதான்."

அபூ நிம்ர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஹாயிலைப் பார்த்தார். "தூது வந்தவன் குடிக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

காப்பி ஆறிப்போயிருந்தது. ஃபவாஸ் எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். ஹாயிலே கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் குனிந்தார். போதும் என்கிறவர்கள் காலிக் கோப்பையை இரண்டு விரலால் லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஃபவாஸ் காலை மடக்கிக்கொண்டு மெத்தையில் நன்றாகச் சாய்ந்தார், கோப்பையை ஆட்டாமல் நீட்டினார்.